வேலை போன பின் அரசு மானியத்தில் மறுபயிற்சி: சிங்கப்பூரில் எதை முதலில் கேட்பது, எதைக் கடைசியில் தொடுவது

ஆட்குறைப்புக் கடிதம் வந்த வாரத்தில் பலரும் செய்கிற முதல் காரியம், அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் எவ்வளவு கிரெடிட் (வகுப்புக் கட்டணத்துக்கான தொகை) இருக்கிறது என்று பார்த்து, கண்ணில் பட்ட ஒரு வகுப்பில் சேர்வதுதான். மனநிலை புரிகிறது. சும்மா உட்கார்ந்திருக்க மனம் வராது. ஆனால் அந்த வரிசையில் போனால் ஆயிரக்கணக்கான வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நழுவிப் போகும், மாதங்களும் வீணாகும்.

வேலை இழந்தவருக்கான அரசுப் பணம் நான்கு இடங்களில் இருக்கிறது. வகுப்புக் கட்டணத்தில் நேரடியாகக் கழியும் மானியம் ஒன்று. உங்கள் பெயரில் இருக்கும் கிரெடிட் இன்னொன்று. முழுநேரமாகப் படிக்கும் மாதங்களில் கிடைக்கும் பயிற்சிப் படி மூன்றாவது. வேலை தேடும் காலத்துக்கான ரொக்க ஆதரவு நான்காவது. இந்த நான்குக்கும் தகுதி விதி வேறு, காலக்கெடு வேறு. ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றது தானாக வந்துவிடாது. அதனால்தான் வரிசை முக்கியம்.

1. உங்களுக்கு எந்தெந்தக் கதவு திறக்கும் என்று பாருங்கள்

சிங்கப்பூர்க் குடிமகனா, நிரந்தரவாசியா, வேலை அனுமதியில் இருப்பவரா என்பதுதான் முதல் கேள்வி. வயது இரண்டாவது.

குடிமக்களுக்கு 25 வயதில் 500 வெள்ளி கிரெடிட் கணக்கில் சேரும். 2016ல் தொடங்கிய திட்டம் இது, தொகைக்குக் காலாவதி இல்லை. 40 வயது நிறைந்தவர்களுக்கு 2024 மே மாதம் முதல் தனியாக 4,000 வெள்ளி இடைக்கால வாழ்க்கைத்தொழில் கிரெடிட் உண்டு. அதற்கும் காலாவதி இல்லை. 2020ல் ஒருமுறை போட்ட 500 வெள்ளி நிரப்புத்தொகை 2025 டிசம்பர் 31ஓடு காலாவதியாகிவிட்டது. பழைய கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு செலவைத் திட்டமிடாதீர்கள். உள்ளே போய்ப் பார்த்து, இன்றைய இருப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிரந்தரவாசிகளுக்குக் கிரெடிட் கிடையாது, பயிற்சிப் படியும் கிடையாது. அரசு ஆதரவு பெற்ற வகுப்புகளில் அடிப்படைக் கட்டண மானியம் உண்டு (வேலை தேடும் காலத்துக்கான ஆதரவு பற்றி 4ஆம் பகுதியில் பாருங்கள்). அதுவே பாதிக் கட்டணத்துக்கு மேல் வரலாம் என்பதால் அலட்சியப்படுத்த வேண்டாம். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு இந்த நான்கில் எதுவும் இல்லை. முழுக்கட்டணம் கட்டிப் படிக்கச் சொல்லி யாராவது “பிறகு அரசு திருப்பித் தரும்” என்றால் நம்பாதீர்கள்.

40 வயது ஒரு பெரிய கோடு. அதைத் தாண்டினால் மானியம் கூடுகிறது, 4,000 வெள்ளி திறக்கிறது, பயிற்சிப் படியும் சேர்கிறது. உங்களுக்கு 39 வயது, பிறந்தநாள் இரண்டு மாதத்தில் என்றால், அடுத்த சேர்க்கையில் சேர்ந்தால் கட்டணம் எவ்வளவு ஆகும் என்று பயிற்சி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

2. கையெழுத்துப் போடும் முன் கடிதத்தை இரண்டு தடவை படியுங்கள்

பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை நீங்கள் எப்படி வேலையை விட்டீர்கள் என்பதுதான். வேலை தேடுவோர் ஆதரவு, விருப்பமின்றி வேலை இழந்தவர்களுக்கு மட்டும். ஆட்குறைப்பு, நிறுவனம் மூடல், பணிநீக்கம், நோய் அல்லது காயத்தால் ஒப்பந்தம் முடிக்கப்படுவது ஆகியவை இதில் சேரும். நீங்களாகப் பதவி விலகினால் சேராது.

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். “ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தால் உன் பெயருக்கு நல்லது, அடுத்த வேலைக்கு உதவும்” என்று மேலாளர் பரிவோடு சொல்வார். அந்த ஒரு பக்கக் கடிதம் 6,000 வெள்ளி வரையிலான ஆதரவை அடைத்துவிடும். வேலை நீக்கத்துக்கான காரணமும் கடைசி வேலை நாளும் தெளிவாக எழுதப்பட்ட கடிதத்தைக் கேளுங்கள். கட்டாயப்படுத்தி ராஜினாமா வாங்கினால் அதைத் தவறான பணிநீக்கமாக முறையிடலாம். கடைசி வேலை நாளிலிருந்து 1 மாதத்துக்குள், வேலைத் தகராறுகளைத் தீர்க்க உதவும் முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணியிடம் போக வேண்டும். சம்பளப் பாக்கி, ஒப்பந்தத்தில் உள்ள ஆட்குறைப்பு இழப்பீடு போன்ற முறையீடுகளுக்கு 6 மாதம் அவகாசம் உண்டு.

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் ஒருவரை ஆட்குறைப்புச் செய்தாலும், அவருக்கு அறிவித்த 5 வேலை நாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். “அமைச்சுக்கு அறிவித்துவிட்டீர்களா?” என்று மனிதவளப் பிரிவிடம் ஒரு மின்னஞ்சல் அனுப்புவதில் தவறில்லை. பதில் உங்கள் கோப்பில் இருக்கட்டும்.

இழப்பீடு பற்றி ஒரு வார்த்தை. ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் சட்டக் கட்டாயம் இல்லை. 2 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு, ஆண்டுக்கு 2 வாரம் முதல் 1 மாதச் சம்பளம் வரை தருவது இங்கே நிலவும் வழக்கம். வேலை இழப்புக்கு ஈடாகத் தரும் தொகைக்கு வருமான வரி இல்லை. ஆனால் முன்னறிவிப்புக்குப் பதிலான சம்பளத்துக்கு வரி உண்டு. இரண்டும் ஒரே காசோலையில் வந்தால் பிரித்துக் காட்டும் கணக்குத்தாளைக் கேட்டு வாங்குங்கள்.

3. ஒரே கோப்பில் இவற்றைச் சேருங்கள்

அலுவலக மின்னஞ்சல் முடக்கப்பட்ட பிறகு சம்பளச் சீட்டுக்காக அலைவது கொடுமை. கடைசி நாளுக்கு முன்பே எடுத்துக்கொள்ள வேண்டியவை:

- நீக்கக் கடிதம், வேலை ஒப்பந்தம், சேவைச் சான்றிதழ்
- கடந்த 12 மாதச் சம்பளச் சீட்டுகள்
- மத்திய சேம நிதிப் பங்களிப்பு விவரம் (அரசின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாகப் பதிவிறக்கலாம்)
- வருமான வரி மதிப்பீட்டு அறிவிப்பு, குறிப்பாகச் சுயதொழில் வருமானமும் உள்ளவர்களுக்கு
- கல்விச் சான்றிதழ்களும் மதிப்பெண் பட்டியல்களும்
- அடையாள அட்டை எண்ணோடு பேநவ் (உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை) இணைக்கப்பட்ட வங்கிக் கணக்கு

சேம நிதி விவரத்தை வரி வரியாகப் பாருங்கள். முதலாளி ஒரு மாதத்துக்கான பங்களிப்பை அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கடைசி மாதம் விடுபட்டிருந்தால் உங்கள் சராசரி வருமானமும் வேலை செய்த மாதக் கணக்கும் குறைவாகத் தெரியும். அதை முதலில் சரிசெய்யுங்கள், பிறகு விண்ணப்பியுங்கள். வெளிநாட்டில் படித்தவர்கள் மதிப்பெண் பட்டியல் ஆங்கிலத்தில் இல்லையென்றால் மொழிபெயர்ப்பை இப்போதே ஏற்பாடு செய்வது நல்லது. சேர்க்கை மூடும் வாரத்தில் அது கிடைக்காது.

4. வீட்டுச் செலவுக்கு: வேலை தேடுவோர் ஆதரவு

2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் 6 மாதத்தில் அதிகபட்சம் 6,000 வெள்ளி தருகிறது. முதல் மாதம் 1,500, இரண்டாம் மாதம் 1,250, மூன்றாம் மாதம் 1,000, பிறகு மூன்று மாதங்கள் தலா 750. இவை உச்சவரம்புகள். உங்கள் முந்தைய சராசரி மாத வருமானம் இதைவிடக் குறைவாக இருந்தால் அந்த வருமானம்தான் கிடைக்கும். மாதம் 900 வெள்ளி சம்பாதித்தவருக்கு முதல் மூன்று மாதமும் 900, பிறகு 750.

நிபந்தனைகள்: 21 வயது நிறைந்த குடிமகன், கடந்த 12 மாதத்தில் சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேல் போகாதவர், அந்த 12 மாதத்தில் குறைந்தது 6 மாதம் வேலை செய்தவர், ஆண்டு மதிப்பு (வரிக்காக மதிப்பிடப்படும் ஆண்டு வாடகை) 31,000 வெள்ளிக்கு மிகாத வீட்டில் வசிப்பவர், கடந்த 3 ஆண்டில் இதே உதவியைப் பெறாதவர். நிரந்தரவாசிகளுக்கு 2026ல் விரிவுபடுத்துவதாக அறிவிக்கப்பட்டது. அவர்கள் விண்ணப்பப் பக்கத்தில் தங்கள் நிலையைச் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். வேலை போன மறுநாளே விண்ணப்பிக்க முடியாது, குறைந்தது 1 மாதம் வேலையின்றி இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் மாதந்தோறும் வேலை தேடும் நடவடிக்கைகளால் 10 புள்ளிகள் சேர்த்தால்தான் அந்த மாதப் பணம். வேலைக்கு விண்ணப்பிப்பது, வாழ்க்கைத்தொழில் ஆலோசகரைச் சந்திப்பது, தகுதியுள்ள பயிற்சிக்குப் போவது எல்லாம் புள்ளியாகும். ஆக, முதல் பணம் கைக்கு வர இரண்டு மாதமாவது ஆகும் என்று வைத்துக்கொண்டு, கடைசிச் சம்பளத்தையும் இழப்பீட்டையும் நீட்டிச் செலவழியுங்கள். புள்ளிகளை மாதக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். ஆலோசகர் நேரம் கேட்டவுடன் கிடைப்பதில்லை, மாதம் முடிந்தால் அந்தப் பணமும் முடிந்தது.

முழுநேர வகுப்பில் சேர்ந்து பயிற்சிப் படியும் வாங்கப் போகிறவர், இரண்டு உதவிகளும் ஒரே மாதத்தில் தன் விஷயத்தில் எப்படிக் கணக்கிடப்படும் என்று வேலைவாய்ப்புக்கான அரசு அமைப்பான ஊழியரணி சிங்கப்பூரிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கூடுதலாக வந்த பணத்தைப் பிறகு திருப்பிக் கட்டுவது வேலையில்லாதவருக்குப் பெரிய சுமை.

வீட்டு வாடகையே கட்ட முடியாத நிலை என்றால் இதற்காகக் காத்திருக்காதீர்கள். உங்கள் வட்டாரச் சமூகச் சேவை அலுவலகத்துக்குப் போய், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான காம்கேர் உதவி கேளுங்கள். அது வேறு நிதி.

5. வகுப்பைத் தேடும் முன் வேலையைத் தேடுங்கள்

மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் வகுப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அங்கே தொடங்கினால் திசை தெரியாது. அரசின் வேலை விளம்பரத் தளமான மைகெரியர்ஸ்ஃபியூச்சரில் தொடங்குங்கள். நீங்கள் மாற நினைக்கும் வேலையின் பெயரைத் தட்டி, இருபது விளம்பரங்களை நிதானமாகப் படியுங்கள். எந்தச் சான்றிதழ் திரும்பத் திரும்ப வருகிறது, தொடக்கச் சம்பளம் என்ன, அனுபவமில்லாதவரை எடுக்கிறார்களா என்று ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றாவது கேள்விக்கு “இல்லை” என்பதே பெரும்பாலான பதிலாக இருந்தால், எந்தச் சான்றிதழ் வாங்கினாலும் அந்தக் கதவு உடனே திறக்காது. வேறு நுழைவுப் பதவியைப் பாருங்கள்.

பிறகு ஓர் ஆலோசகரைப் பாருங்கள். பாய லேபாரில் உள்ள வாழ்நாள் கற்றல் கழகத்தில் ஊழியரணி சிங்கப்பூரின் கெரியர்ஸ் கனெக்ட் நிலையம் இருக்கிறது. ஜூரோங் ஈஸ்ட்டில் உள்ள தேவன் நாயர் கழகத்தில் தொழிற்சங்க காங்கிரசின் இ2ஐ நிலையம் இருக்கிறது. இரண்டும் இலவசம். எழுதிய தாளைக் கையோடு கொண்டு போங்கள். “எனக்கு என்ன வகுப்பு நல்லது?” என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். “கிடங்கு மேற்பார்வையாளராக இருந்தேன், விநியோகத் திட்டமிடலுக்கு மாற நினைக்கிறேன், இந்த மூன்று வகுப்புகளில் எதை முதலாளிகள் மதிக்கிறார்கள்?” என்று கேட்டால் பயனுள்ள பதில் வரும்.

இந்த இடத்தில் இரண்டு பாதைகள் பிரிகின்றன.

முதலாவது, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வாழ்க்கைத்தொழில் மாற்றத் திட்டம். 3 முதல் 12 மாதம் வரை ஓடும் பயிற்சி, அதோடு வேலை தேட உதவியும் சேர்ந்தது. வேலை இல்லாமலே சேரலாம்.

இரண்டாவது, ஊழியரணி சிங்கப்பூரின் வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டங்கள். பெயர் கிட்டத்தட்ட ஒன்று, வேலை செய்யும் விதம் நேரெதிர். இங்கே முதலில் ஒரு முதலாளி உங்களை வேலைக்கு எடுக்கிறார், சம்பளம் வாங்கிக்கொண்டே பயிற்சி பெறுகிறீர்கள், சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு முதலாளிக்குத் தருகிறது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேரலாம். இந்த இரண்டாவது பாதையைப் பலர் கேள்விப்படுவதே இல்லை, அதுதான் வருத்தம். குடும்பச் சுமை உள்ளவருக்கு இதுவே முதலில் முயல வேண்டியது. நேர்காணலில் நீங்களே எடுத்துச் சொல்லலாம்: “எனக்கு இந்தத் துறை புதிது, மாற்றுத் திட்டத்தின்கீழ் என்னை எடுத்தால் உங்களுக்குச் சம்பள ஆதரவு கிடைக்கும்.” சிறு நிறுவன முதலாளிகளுக்கு இது தெரியாமலிருப்பது சாதாரணம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வேலையில் சேர்வதற்கு முன்பே முதலாளி திட்ட நிர்வாகியிடம் பேசி உறுதிசெய்ய வேண்டும்.

6. கட்டணக் கணக்கை நீங்களே போடுங்கள்

வாழ்க்கைத்தொழில் மாற்றத் திட்ட வகுப்புகளில் 40 வயதுக்குட்பட்ட குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 70 விழுக்காடு வரை மானியம். 40 வயது நிறைந்த குடிமக்களுக்கு 90 விழுக்காடு வரை. 6 மாதம் அல்லது அதற்கு மேல் வேலையில்லாதவர், குறைந்த வருமானத்தினர், உடற்குறை உள்ளவர் ஆகியோருக்கு 95 விழுக்காடு வரை. மற்ற குறுகிய வகுப்புகளில் பொதுவாக 50 விழுக்காடு, 40 வயது நிறைந்த குடிமக்களுக்கு 70.

விளம்பரத்தில் “90 விழுக்காடு கழிவு” என்று பார்த்துவிட்டு மீதிப் பத்து மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். பொருள் சேவை வரி 9 விழுக்காடு, அடிப்படை மானியம் கழித்த தொகையின் மேல் கணக்கிடப்படுவது வழக்கம். கூடுதல் மானியம் (70க்கு மேல் தரப்படுவது) அந்த வரியைக் குறைக்காது.

கணக்குக்காக, முழுக்கட்டணம் 8,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 70 விழுக்காடு போக 2,400. அதன்மேல் வரி 216. ஆக 40 வயதுக்குட்பட்டவர் கட்டுவது 2,616. 40 வயதானவருக்குக் கட்டணம் 800, வரி அதே 216, மொத்தம் 1,016. 95 விழுக்காட்டுக்காரருக்கு 400ம் 216ம் சேர்ந்து 616.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு, “ஆறு மாதம் பொறுத்தால் 95 கிடைக்குமே” என்று தோன்றும். 40 வயதானவருக்கு அதில் மிச்சம் 400 வெள்ளி. அதற்காக ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். 40 வயதுக்குட்பட்டவருக்கு 2,000 வெள்ளி வித்தியாசம், சிறிய தொகை இல்லைதான். ஏற்கெனவே ஐந்து மாதம் ஓடிவிட்டதென்றால் அடுத்த சேர்க்கைக்குக் காத்திருப்பதில் நியாயம் உண்டு. வேலை போய் ஒரு மாதம்தான் ஆகிறதென்றால், ஐந்து மாதச் சம்பளத்தை இழந்து 2,000 வெள்ளி மிச்சம் பிடிப்பது எப்படிப் பார்த்தாலும் நட்டம்.

பதிவுக் கட்டணம், மடிக்கணினி, போக்குவரத்து போன்றவற்றுக்குக் கிரெடிட் செல்லாது. சில தொழில்களில் பயிற்சி முடிந்த பின் தனி உரிமத் தேர்வுக் கட்டணமும் உண்டு. “இந்த வகுப்பு முடிந்து வேலைக்குப் போகும் நாள்வரை நான் வேறு என்னென்ன கட்ட வேண்டும்?” என்ற ஒரே கேள்வியைப் பயிற்சி நிறுவனத்திடம் கேளுங்கள்.

7. கிரெடிட்டைக் கடைசியில் தொடுங்கள்

மானியம் எல்லாம் கழிந்து மீதி நிற்கும் கட்டணத்துக்குத்தான் கிரெடிட். 4,000 வெள்ளிக் கிரெடிட் எல்லா வகுப்புக்கும் செல்லாது. வேலைவாய்ப்பை மேம்படுத்தும் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட வகுப்புகளுக்கு மட்டும்தான். 500 வெள்ளிக் கணக்கு அதைவிடப் பரந்தது. இரண்டும் செல்லும் வகுப்பு என்றால் 4,000லிருந்து எடுத்து, 500ஐப் பிறகு தேவைப்படும் சிறு வகுப்புக்கு விட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

கிரெடிட் கோரிக்கையை வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய 60 நாளுக்குள், தொடங்கும் தேதிக்கு முன்பே சமர்ப்பித்துவிடுங்கள். சிங்பாசில் நுழைந்து, வகுப்பின் குறிப்பு எண், தொடக்கத் தேதி, நீங்கள் கட்ட வேண்டிய நிகரத் தொகை மூன்றையும் விலைப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பெயரில் பகுதிநேரம், முழுநேரம் என இரண்டு வகுப்புகள் இருக்கும். தவறானதைத் தேர்ந்தெடுத்தால் கோரிக்கை திரும்பி வரும், அதற்குள் வகுப்பு தொடங்கியிருக்கும். சேராமல் விட முடிவுசெய்தால் பயிற்சி நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லிவிட்டு, கோரிக்கையையும் ரத்துசெய்யுங்கள்.

கிரெடிட்டைப் பணமாக மாற்றித் தருகிறேன், வகுப்புக்கே வர வேண்டாம், கையெழுத்து மட்டும் போடு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பொய்க் கோரிக்கை குற்றம். மாட்டுவது உங்கள் பெயர். சிங்பாஸ் கடவுச்சொல்லை யாருக்கும், உறவினருக்கும்கூட, கொடுக்காதீர்கள். அரசு அமைப்புகளின் குறுஞ்செய்தி 2024 ஜூலை முதல் “கவ் டாட் எஸ்ஜி” (gov.sg) என்ற ஒரே அனுப்புநர் பெயரில்தான் வருகிறது. கிரெடிட் காலாவதியாகிறது, உடனே இந்த இணைப்பைத் தட்டு என்று வேறு எண்ணிலிருந்து வந்தால் தொடாதீர்கள். சந்தேகம் என்றால் 1799 என்ற ஸ்கேம்‌ஷீல்ட் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

8. பயிற்சிப் படி: முழுநேரம் படிப்பவரின் மாத வருமானம்

40 வயது நிறைந்த குடிமக்கள், தகுதியுள்ள முழுநேர வகுப்பில் சேர்ந்தால், அண்மைய 12 மாதச் சராசரி வருமானத்தில் பாதி மாதாமாதம் கிடைக்கும். குறைந்தது 300, அதிகபட்சம் 3,000 வெள்ளி. வாழ்நாளில் மொத்தம் 24 மாதம். சராசரி 3,600 வாங்கியவருக்கு 1,800. 7,000 வாங்கியவருக்கு 3,000தான். பகுதிநேர வகுப்புகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றுக்கு 2026 முதல் மாதம் 300 வெள்ளி என்று அறிவிக்கப்பட்டது.

24 மாதம் என்பது நிறைய என்று தோன்றும். அடுத்த இருபது ஆண்டு வேலை வாழ்க்கைக்கும் சேர்த்து அவ்வளவுதான். பன்னிரண்டு மாத வகுப்பு ஒன்றில் சேரும் முன், அதே வேலைக்கு ஐந்து மாத வகுப்பு போதுமா என்று பாருங்கள்.

சுயதொழிலர்கள், வாடகைக் கார் ஓட்டியவர்கள் கவனிக்க வேண்டியது: வரித்துறையிடம் அறிவித்த வருமானம்தான் கணக்கு. குறைத்துக் காட்டியிருந்தால் படியும் குறையும்.

9. சேர்ந்த பிறகு

அரசு மானியம் வருகைப்பதிவோடு கட்டப்பட்டது. வழக்கமாக 75 விழுக்காடு வருகையும் மதிப்பீட்டில் தேர்ச்சியும் வேண்டும். இல்லையென்றால் மானியத் தொகையை உங்களிடமே கேட்பார்கள். மேலே சொன்ன 8,000 வெள்ளி வகுப்பில் 90 விழுக்காட்டுக்காரருக்கு அது 7,200 வெள்ளி. சேரும்போது கையெழுத்திடும் படிவத்தில் இந்த வரி இருக்கும், தேடிப் படியுங்கள்.

வருகை பெரும்பாலும் சிங்பாஸ் செயலியில் கியூஆர் குறியீட்டை வருடி (ஸ்கேன் செய்து) பதிவாகிறது. வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் வருடாவிட்டால் நீங்கள் வரவில்லை என்றுதான் பதிவாகும். கைப்பேசி பழுதானால் அன்றைக்கே நிர்வாகத்திடம் சொல்லிக் கையால் பதியச் சொல்லுங்கள். நோய்விடுப்புச் சான்றிதழை அந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

படிக்கும்போதே வேலை கிடைத்தால்? நல்ல செய்திதான், ஆனால் அப்படியே நின்றுவிடாதீர்கள். மாலை வகுப்புக்கு மாற முடியுமா, முடித்த பகுதிகளுக்கு மட்டும் சான்றிதழ் உண்டா, மானியம் என்னாகும் என்று கேட்டுவிட்டு முதலாளியிடம் தொடக்கத் தேதி பேசுங்கள். இந்தக் கேள்வியைச் சேரும் முன்பே கேட்டு வைத்திருந்தால் இன்னும் நல்லது.

தேசியத் தொழிற்சங்க காங்கிரஸ் உறுப்பினராக இருப்பவர்கள், மானியம் போக மீதிக் கட்டணத்தில் பாதியை, காங்கிரசின் பயிற்சி உதவித் திட்டமான யூடாப்பில் கோரலாம். ஆண்டுக்கு 250 வெள்ளி வரை, 40 வயது நிறைந்தவர்களுக்கு 500 வரை. வகுப்பு நடக்கும் காலம் முழுவதும் சந்தா நிலுவையின்றி இருக்க வேண்டும். வேலை போனதும் சம்பளத்திலிருந்து சந்தா பிடிப்பது நின்றுவிடும், உறுப்பியம் காலாவதியாகிவிடும். அதனால் சந்தாவை வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் போகும்படி முதல் மாதமே மாற்றிவிடுங்கள். கோரிக்கைக்கு வகுப்பு முடிந்து 6 மாதம் அவகாசம். ரசீது, வருகைச் சான்று, தேர்ச்சிச் சான்று மூன்றையும் பயிற்சி நிறுவனம் கொடுக்கும் நாளிலேயே பதிவேற்றுங்கள்.